பெருந்தமனிக்கு வெளியே ஒரு போர்: கெட்டுப்போன கொலஸ்ட்ராலின் கதை

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஒரே ஒரு படம்தான், நாள்பட்ட பெரி-அயோர்டைட்டிஸ் என்ற நோயைப் பற்றி. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனியைச் சுற்றி அழற்சி வரும் நோய் இது. வயிற்றுப் பெருந்தமனியைக் குறுக்காக வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படியே வரைந்து வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் ரத்தம் ஓடுகிறது. அதை ஒட்டி மஞ்சளாகத் தடித்திருப்பது கொழுப்புப் படிவு. அடுத்தது நடு உறை. தசையும் மீள் இழைகளும் அடுக்கடுக்காக இருக்க வேண்டிய இடம். ஆனால் இங்கே மட்டும் நைந்துபோய், ஓரிடத்தில் அறுந்தே விட்டது. அந்த அறுந்த இடத்துக்கு நேர் வெளியே பாருங்கள். நீலப் பொட்டுகளாக மொய்த்திருக்கின்றனவே, அவை லிம்போசைட்டுகளும் பிளாஸ்மா செல்களும், அதாவது உடம்பின் எதிர்ப்பாற்றல் செல்கள்.

மற்ற இடத்தையெல்லாம் விட்டுவிட்டு, ஓட்டை விழுந்த இடத்தில் ஏன் இவ்வளவு கூட்டம்? கேம்பிரிட்ஜில் நோய்க்குறியியல் மருத்துவராக இருந்த மால்கம் மிட்சின்சன் 1980களில் விடாமல் துரத்திய கேள்வி இது. படிவுக்குள் இருக்கும் ஏதோ ஒன்று ஓட்டை வழியாகக் கசிகிறது, அதைக் கண்டுதான் எதிர்ப்பாற்றல் சீறுகிறது என்றார். அந்த ‘ஏதோ ஒன்று’க்குச் செராய்டு என்று பெயர்.

செராய்டு எங்கிருந்து வருகிறது? ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் எல்டிஎல் துகள் ரத்தத்திலேயே இருக்கும்வரை உடம்புக்கு அது சொந்தச் சரக்கு. தமனிச் சுவருக்குள் நுழைந்து மாட்டிக்கொண்டால்தான் சிக்கல். அங்கே அதன் கொழுப்பு அமிலங்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து உடைகின்றன. நாள்பட்ட எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதும் கிட்டத்தட்ட இதே வேதியியல்தான். உடைந்த துண்டுகள் துகளைச் சுற்றியிருக்கும் புரதத்தில் ஒட்டிக்கொண்டு அதன் முகத்தையே மாற்றிவிடுகின்றன. செல்லின் மேல் இருந்து எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் வழக்கமான ஏற்பிக்கு இப்போது அடையாளம் தெரியாது. கழிவை விழுங்கும் எதிர்ப்பாற்றல் செல்களான மேக்ரோஃபேஜ்கள் வேறு ஏற்பிகள் மூலம் அதை விழுங்கும். வழக்கமான ஏற்பி என்றால் செல்லுக்குள் கொலஸ்ட்ரால் நிறைந்ததும் குறைந்துவிடும். இந்த ஏற்பிகளுக்குப் போதும் என்ற பேச்சே கிடையாது. செல் நுரைத்துப் போகிறது. உள்ளே கொழுப்பும் புரதமும் பின்னிக் கெட்டிப்பட்டு, கரையாத செராய்டு ஆகிறது.

கரையாது என்று சும்மா சொல்லவில்லை. திசுவை மெழுகில் பதிக்கும்போது சாதாரணக் கொழுப்பெல்லாம் கரைப்பான்களில் கரைந்து ஓடிவிடும். செராய்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். அதற்குப் பிறகும் கொழுப்பைக் காட்டும் ஆயில் ரெட் ஓ சாயத்தில் சிவப்பாகத் தெரியும். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்: எல்லாம் கழுவிப் போன பிறகும் தடயம் மட்டும் நிற்கிறது!

அப்புறம் 1990இல் டைனா பாரம்ஸும் மிட்சின்சனும் சக ஆய்வாளரோடு சேர்ந்து, பெரி-அயோர்டைட்டிஸ் நோயாளிகளின் ரத்தத்திலேயே ஆக்சிஜனேற்றமடைந்த எல்டிஎல்லுக்கும் செராய்டுக்கும் எதிரான ஆன்டிபாடிகள் இருப்பதைக் காட்டினார்கள். இந்த நோயில் நடப்பது இதுதான். பெருந்தமனியைச் சுற்றித் தழும்புத் திசு உறை போல இறுகும். சிலருக்குத் தமனி வீங்கும், அது அழற்சி வகை அனியூரிசம். சிலருக்கு வீக்கமே இல்லாமல் தழும்பு மட்டும் பரவும். அது பக்கத்தில் போகும் சிறுநீர்க் குழாய்களையும் நெரித்து, சிறுநீரகப் பாதிப்பில் கொண்டுபோய் விடும். மந்தமான முதுகுவலி, எடை குறைவு, ஏறிக்கிடக்கும் இஎஸ்ஆர் (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) என்று மெதுவாக வருவதால் கண்டுபிடிக்கவும் நாளாகிறது.

இந்த விளக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும், இதுவே முழுக்கதை என்று நான் சொல்ல மாட்டேன். படிவு அதிகம் இல்லாதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. மார்புப் பகுதித் தமனியிலும் வருகிறது. ஒரு சாராருக்கு ஐஜிஜி4 என்ற ஆன்டிபாடி வகை சார்ந்த நோயாக இருக்கிறது. எதிர்ப்பாற்றலோடு சம்பந்தப்பட்ட எச்எல்ஏ மரபணு வகையோடும் தொடர்பு காட்டியிருக்கிறார்கள். ஆன்டிபாடி இருப்பதாலேயே அதுதான் காரணம் என்று ஆகிவிடாது, சேதத்தின் விளைவாகவும் அது வரலாம். என் கணக்கில், கசியும் செராய்டு சிலருக்குத் தீப்பொறி. அது பற்றிக்கொள்வதற்கு வேறு விறகும் வேண்டும்.

சரி, ஆக்சிஜனேற்றம்தான் வில்லன் என்றால் வைட்டமின் ஈ மாத்திரை போட்டால் போதாதா? மாரடைப்பு விஷயத்தில் அதைச் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. 2000இல் வெளியான ஹோப் ஆய்வில் 9,000 பேருக்கு மேல் இருந்தார்கள், சுமார் நாலரை ஆண்டுகள். வைட்டமின் ஈ பலன் தரவில்லை. பெரி-அயோர்டைட்டிஸுக்கு இன்றும் முதல் மருந்து ஸ்டீராய்டுதான். புகைபிடிப்பவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு கூடுதல், அதனால் சிகரெட்டை அன்றைக்கே நிறுத்தச் சொல்வார்கள்.

அடுத்த வீடியோவில் சிறுநீர்க் குழாய் எப்படி உள்பக்கமாக இழுபடுகிறது என்று சிடி ஸ்கேன் படத்தை வைத்துக் காட்டுகிறேன்.