மூத்த மகனா, இளைய மகனா?

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்து இப்போதே சிரித்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'ஜி. சுப்பிரமணிய ஐயரின் பெருஞ்சாதனை தி இந்துவா, சுதேசமித்திரனா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் தி இந்துவுக்காக உருகினார். நானும் கைதட்டினேன், பொய் சொல்ல மாட்டேன். 1878இல் இந்தியரான முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானதை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் பொறுக்கவில்லை. பதில் சொல்ல நம் கையில் ஒரு தாள் இல்லை. திருவல்லிக்கேணியில் ஆறு இளைஞர்கள் கூடி, ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, எண்பது பிரதி அச்சடித்தார்கள். அந்த ஆறு பேரில் ஆசிரியர் பொறுப்பை ஏற்றவர், திருவையாற்றிலிருந்து வந்த இருபத்து மூன்று வயது சுப்பிரமணிய ஐயர். இதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கப் போவதில்லை.

ஆனால் ஐயா, அந்த எண்பது பிரதியைப் படித்தவர் யார்? இங்கிலீஷ் தெரிந்தவர். வக்கீல், வாத்தியார், குமாஸ்தா, கலெக்டர். வெள்ளைக்காரனுக்கு வெள்ளைக்காரன் மொழியிலேயே பதில் சொல்ல வேண்டியிருந்தது, சரி. ஆனால் வரி கட்டினவன் யார்? பஞ்சத்தில் செத்தவன் யார்? 1876 தொடங்கி இரண்டு ஆண்டுக்கு மேல் இந்த மாகாணத்தைத் தின்றுபோட்ட பஞ்சம், தி இந்து பிறந்தபோது இன்னும் யார் நினைவிலிருந்தும் போயிருக்கவில்லை. அதில் மாண்டவன் வீட்டில் மிஞ்சியவனுக்கு 'உன்னை ஆள்பவன் இன்னது செய்கிறான்' என்று எந்த மொழியில் சொல்வது?

அந்தக் கேள்விக்கு ஐயர் 1882இல் பதில் எழுதினார். அந்தப் பதிலின் பெயர் சுதேசமித்திரன். முதலில் வாரப் பத்திரிகை. பெரிய முதல் கிடையாது.

எதிரணித் தலைவர் இங்கே ஒரு குத்தல் வைத்தார்: "மூத்த மகன் சம்பாதித்தான், இளைய மகன் அவன் நிழலில் வளர்ந்தான்" என்று. நல்ல உவமை, நானே எடுத்துக்கொள்கிறேன். மூத்தவன் கோட்டு போட்டுக்கொண்டு கவர்னர் மாளிகை வாசல் வரை போய்ப் பேசிவிட்டு வந்தான். ஊரில் இருந்துகொண்டு, அம்மாவிடம் அவள் பேச்சிலேயே வீட்டு நிலவரத்தைச் சொன்னவன் இளையவன். கடைசிக் காலத்தில் அப்பா யாரோடு இருந்தார் என்று பார்ப்போமா?

1898. இருபது ஆண்டு தன் கையால் வளர்த்த தி இந்துவை விட்டு ஐயர் வெளியே வருகிறார். காரணம் ஊரறிந்தது. பத்திரிகைக்குப் பணமுடை. சமூகச் சீர்திருத்தத்தில் அவர் எழுதிய வேகம், பத்திரிகை தொடங்கிய ஆறு பேரில் ஒருவரான கூட்டாளி வீரராகவாச்சாரியாருக்கு ஒத்துவரவில்லை. மேடையில் சீர்திருத்தம் பேசி வீட்டில் பஞ்சாங்கம் பார்த்தவர் இல்லை ஐயர். இளம் வயதில் விதவையான தம் மகளுக்கு 1889இல் பம்பாயில் மறுமணமே செய்து வைத்தவர். அதற்குப் பிறகு உறவும் ஊரும் அவரை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர் ஒரு பத்திரிகையைக் கொடுத்துவிட்டார், இன்னொன்றை வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டது மித்திரன். அடுத்த ஆண்டே, 1899இல், அதை நாளிதழ் ஆக்கினார். தமிழில் நாள்தோறும் செய்தி வரத் தொடங்கியது அப்படித்தான்.

தினமும் தமிழில் பத்திரிகை போடுவது எப்பேர்ப்பட்ட வேலை! தந்தி வருவது இங்கிலீஷில். லண்டன் பார்லிமெண்டில் யாரோ பேசியது, வரவு செலவுத் திட்டம், ரஷ்ய ஜப்பானியப் போர், எல்லாவற்றையும் அன்றன்றே தமிழாக்கி அச்சுக் கோப்பவர் கையில் கொடுக்க வேண்டும். புலவர் தமிழில் எழுதினால் வாசகனுக்குப் புரியாது. வெறும் பேச்சுத் தமிழில் எழுதினால் அரசியல் பேச முடியாது. நடுவே ஒரு நடையை உண்டாக்கியாக வேண்டும். அதற்கு ஆள் தேடினார் ஐயர். மதுரை சேதுபதி பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்த ஓர் இளைஞரை 1904இல் சென்னைக்கு அழைத்து வந்து உதவி ஆசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தார். அவருக்கு வயது இருபத்து இரண்டு நிறையவில்லை. பெயர் சுப்பிரமணிய பாரதி.

கைதட்டலுக்கு நன்றி. அது எனக்கு இல்லை, மித்திரனுக்கு.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மையார், "ஐயர் 1903இல் எழுதிய பொருளாதார நூல் இங்கிலீஷில்தானே?" என்று கேட்டார். ஆமாம் அம்மா. பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளாதார விளைவுகளைப் பற்றிய நூல். அருமையான நூல். இந்த அரங்கில் அதைப் படித்தவர்கள் கை தூக்குங்கள் பார்க்கலாம். நடுவர் ஐயா கூடத் தூக்கவில்லை. மன்னிக்கணும் ஐயா.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எந்தப் பத்திரிகைக்குப் பலம் அதிகம் என்று நாம் சண்டை போட வேண்டாம், ஆண்டவனிடம் கேட்போம். மேலே இருக்கும் ஆண்டவன் இல்லை, நம்மை ஆண்டவன். தி இந்து பிறந்த அதே 1878இல் லிட்டன் பிரபு ஒரு சட்டம் கொண்டுவந்தார். நாட்டு மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டும் சட்டம். இங்கிலீஷ் பத்திரிகைகளை அது தொடவே இல்லை. (சென்னை மாகாணத்தில் அதை நடைமுறைப்படுத்தவில்லை. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதிரணி அதைப் பிடித்துக்கொள்ளும்.) மக்கள் மொழியில் வரும் எழுத்துக்குத்தான் ஆட்சியாளர் பயந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சட்டம் போய்விட்டது, பயம் போகவில்லை. இங்கிலீஷில் இருபது ஆண்டு அரசைக் கிழித்து எழுதியவரைச் சிறையில் போடவில்லை. 1908இல் மித்திரனில் வந்த தமிழ்க் கட்டுரைகளுக்காக ராஜதுரோகக் குற்றம் சாட்டிக் கைது செய்தார்கள். அப்போது அவர் தீராத தோல் நோயால் நொந்துகொண்டிருந்தவர்.

"நன்னடத்தை ஜாமீன் எழுதிக் கொடுத்துத்தானே வெளியே வந்தார்?" என்று எதிரணியிலிருந்து குரல் வருகிறது. வந்தார். வ.உ.சி.க்கு நாற்பது ஆண்டுத் தண்டனை விதித்த அதே 1908. உடம்பெல்லாம் புண்ணோடு இருந்த மனிதரை அந்தக் கையெழுத்துக்காக எடைபோட எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு வந்தால் போடுங்கள்.

இன்னொன்றும் சொன்னார்கள்: தி இந்து இன்றும் வருகிறது, மித்திரன் நின்றுபோயிற்று, ஆகவே வென்றது இந்து என்று. நீண்ட ஆயுள்தான் சாதனை என்றால் வேப்பமரத்துக்குத்தான் விருது கொடுக்க வேண்டும். தி இந்து இன்றுவரை வருவதில் 1905இல் அதை விலைக்கு வாங்கிய கஸ்தூரி ரங்க ஐயங்காருக்கும் அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் பெரும்பங்கு உண்டு. நாம் பேசுவது ஐயரின் சாதனையை. அவர் மித்திரனை 1915இல்தான், உடம்பு இனி முடியாது என்ற நிலையில், ரங்கசாமி ஐயங்காரிடம் ஒப்படைத்தார். மறு ஆண்டு இறந்தார்.

எனக்குப் பிறகு பேச வரும் எதிரணி நண்பர் வேறு எதற்கும் பதில் சொல்ல வேண்டாம். 1898இல் அவர் கையில் இரண்டு பத்திரிகைகள் இருந்தன. பேரும் செல்வாக்கும் உள்ளதை விட்டுவிட்டு, மற்றதைத் தன்னோடு ஏன் வைத்துக்கொண்டார்? பதில் இருந்தால் சொல்லட்டும், என் இருக்கையிலிருந்தே எழுந்து கைதட்டுகிறேன்.

நடுவர் மணியடிப்பதற்குள் உட்கார்ந்துவிடுகிறேன். வணக்கம்.