ஹோவர்ட் பொண்ணுங்க பிரிஞ்சது லாபந்தான்

நடுவர் அவர்களுக்கும் சபைக்கும் வணக்கம். 1913ல வாஷிங்டன் ஹோவர்ட் யுனிவர்சிட்டில ஒரே சொரோரிட்டியா இருந்த கருப்பினப் பொண்ணுங்க ரெண்டா பிரிஞ்சது லாபமா நஷ்டமா, இதான தலைப்பு, நான் லாபம்னு பேச வந்திருக்கேன். எனக்கு முன்னாடி பேசின அக்கா "அந்தக் காலத்துல காலேஜ் வாசலை மிதிச்சதே கொஞ்சப் பேரு, அதுலயும் கோஷ்டியா"ன்னு கேட்டு கைதட்டல் வாங்கிட்டுப் போயிட்டாங்க. நியாயமான கேள்விதான், ஆனா கதையில பாதியத்தான் சொன்னாங்க.

சொரோரிட்டின்னா காலேஜ் பொண்ணுங்க கிரேக்க எழுத்துல பேர் வச்சு நடத்துற சங்கம், படிப்பு முடிஞ்சாலும் ஆயுசுக்கும் உறுப்பினர்தான். வெள்ளைக்காரப் பொண்ணுங்களோட சங்கத்துல இவங்களுக்கு இடம் கிடையாது. அதனால 1908 ஜனவரி 15ல எத்தல் ஹெட்ஜ்மன்னு ஒரு மாணவி தோழிகளைச் சேர்த்து ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா ஆரம்பிச்சாங்க, கருப்பினப் பெண்களோட முதல் கிரேக்க எழுத்துச் சங்கம் அதுதான். இதை நாங்க குறையே சொல்லல, எதிரணி இதை வச்சு கண்ணீர் விட வேண்டாம்.

1912 கடைசியில அங்க படிச்சிட்டிருந்த 22 பேர் பேரு, நிறம், சின்னம் எல்லாத்தையும் மாத்தணும், நாலு சுவத்துக்குள்ள நம்மளே கூடிப் பேசிட்டிருந்தா போதாது, வெளி உலகத்துக்கு வேலை செய்யணும்னு சொன்னாங்க. அப்பதான் படிப்பை முடிச்சிருந்த நெல்லி குவாண்டர்ங்கிற சீனியர் முடியவே முடியாதுன்னு கெடு வச்சுட்டாங்க. 22 பேரும் 1913 ஜனவரி 13ல டெல்டா சிக்மா தீட்டான்னு தனியா கிளம்பிட்டாங்க. எதிரணி "கலருக்காகச் சண்டை"ன்னு சிரிச்சாங்களே, சரி, கலருக்காகப் போனவங்க போய் முதல் வேலையா என்ன செஞ்சாங்க? புடவை எடுக்கவா போனாங்க?

அதே வருஷம் மார்ச் 3, மறுநாள் உட்ரோ வில்சன் ஜனாதிபதியா பதவி ஏற்கணும், அன்னைக்கு வாஷிங்டன்ல பெண்களுக்கு ஓட்டு கேட்டு ஆயிரக்கணக்கான பேர் ஊர்வலம். சங்கம் பிறந்து ரெண்டு மாசம் கூட ஆகல, இந்தப் பொண்ணுங்க அதுல நடந்தாங்க. அதுவும் எப்படிப்பட்ட ஊர்வலம்! ரோட்டோரத்துல ஆம்பளைங்க கேலி பண்ணி தள்ளி விடுறாங்க, அது போக ஊர்வலத்துக்குள்ளயே கருப்பினப் பெண்கள் பின்னாடி வரட்டும்னு ஒரு பேச்சு. ஐடா பி. வெல்ஸ்ங்கிற கருப்பினப் பத்திரிகையாளர் அதைக் கேட்டு ஒதுங்குற மாதிரி ஒதுங்கி, நடுவுல புகுந்து தன்னோட இல்லினாய் மாநில அணியோடயே நடந்தாங்க, அந்த நாள்தான் இது. ஓட்டு கேட்ட எடத்துலயே ஓரம் கட்டுனாங்கன்னா பாத்துக்கோங்க.

சரி, விட்டுட்டு வந்த வீடு என்ன ஆச்சு, இடிஞ்சு போச்சா? தங்கச்சி தனிக்குடித்தனம் போனதும்தான் அக்கா பட்டாவைத் தேடுனாங்க! ஜனவரி 29ல, அதாவது 16 நாள்ல, நெல்லி குவாண்டர் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவை சட்டப்படி பதிவு பண்ணிட்டாங்க. இனி யாரும் பேரை மாத்த முடியாது. அதே சங்கம் 1935ல டாக்டர் டோரத்தி ஃபெரபீ தலைமையில மிசிசிப்பி கிராமங்களுக்குப் போச்சு. பருத்தித் தோட்ட முதலாளிங்க கூலிக்காரங்களை கிளினிக்குக்கு விடமாட்டேன்னு நின்னதும் இவங்க கார்லயே மருந்தைத் தூக்கிட்டு தோட்டத்துக்கே போய் பிள்ளைங்களுக்கு தடுப்பூசி போட்டாங்க, 1942 வரைக்கும் வருஷா வருஷம் கோடையில. வெளி வேலை செய்யணும்னு கேட்ட தங்கச்சிங்க வெளியேறின பிறகு அக்காவும் வெளி வேலைக்கு இறங்கிட்டாங்க பாருங்க.

ஆள் கணக்கும் பாப்போம். 1968ல அமெரிக்கக் காங்கிரசுக்கு ஜெயிச்ச முதல் கருப்பினப் பெண் ஷெர்லி சிஷோம் டெல்டா. துணை ஜனாதிபதியா இருந்த கமலா ஹாரிஸ், நம்ம துளசேந்திரபுரம் கோபாலன் பேத்தி, ஹோவர்ட்ல படிச்சப்ப சேர்ந்தது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. ரெண்டு வீட்டுலயும் விளக்கு எரியுது, இதுல எங்கங்க நஷ்டம்?

எதிரணில அடுத்து வர்றவங்க இதுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: 22 பேரும் நெல்லி சொன்னதுக்குத் தலையாட்டிட்டு உள்ளயே இருந்திருந்தா, மார்ச் 3 ஊர்வலத்துல டெல்டான்னு ஒரு அணி நடந்திருக்குமா? மணி அடிச்சுட்டீங்க நடுவரே, உட்கார்றேன்.