1000 கிலோமீட்டரில் ஆயில் மாற்றணுமா? புது காரோடு ஏற்காடு ஏறிப் பார்க்கலாம்

[காட்சி: ஏற்காடு அடிவாரம், காலை ஏழு மணி. காரின் மீட்டர் நெருக்கத்தில்.]

இந்த மீட்டரைப் பாருங்கள். 1012 கிலோமீட்டர். கார் வீட்டுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. என் சித்தப்பாவின் கார். இந்த ஒரு மாதத்துக்குள் அவருக்கு மூன்று பேர் மூன்று யோசனை சொல்லிவிட்டார்கள்.

முதல் ஆள்: "ஆயிரத்துல ஆயில் மாத்தலைன்னா இன்ஜின் போயிரும்." இரண்டாவது ஆள்: "பத்தாயிரம் வரைக்கும் பானெட்டையே திறக்காதீங்க." மூன்றாவது, ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர். "சேலத்து வெயிலுக்கு இந்தத் தண்ணி ஆயில் எல்லாம் தாங்காதுங்க. 20டபிள்யூ-50 ஊத்திக்குங்க, கெட்டியா நிக்கும்." சித்தப்பா கேனைக் கையில் வாங்கிக்கொண்டுதான் எனக்கு போன் செய்தார். நல்லவேளை, ஊற்றவில்லை.

இந்த மூவரில் யார் சொன்னது சரி? இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் பார்த்துவிடலாம். மேலே போனதும் டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, உங்கள் கண் முன்னாலேயே முடிவு எடுப்போம். வண்டியில் ஏறுங்கள்.

[காட்சி: கார் கிளம்புகிறது. முதல் வளைவின் பலகை.]

ஆயில் எதற்கு என்று நீட்டி முழக்கப் போவதில்லை. இரும்பும் இரும்பும் உரசாமல் நடுவில் படலமாக நிற்கும், சூட்டை எடுத்துப் போகும், அழுக்கைச் சுமந்துகொண்டு ஃபில்டரில் சேர்க்கும். அவ்வளவுதான்.

குழப்பமெல்லாம் கேனில் போட்டிருக்கும் எண்ணில்தான். சித்தப்பாவின் மேனுவல் கேட்பது 0டபிள்யூ-20. கடைக்காரர் கொடுத்தது 20டபிள்யூ-50. டபிள்யூ என்றால் வின்டர், குளிர்காலம். அதற்கு முன்னால் உள்ள எண், கடுங்குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதற்கு. 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியில் வைத்து, இன்ஜின் சுற்றுமா என்று சோதிக்கிறார்கள். 20டபிள்யூவுக்கு அந்தச் சோதனை மைனஸ் 15-ல். ஏற்காட்டில் மார்கழி மாதம் எவ்வளவு நடுங்கினாலும் அந்தப் பக்கம் நாம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பின்னால் உள்ள எண்தான் நமக்கு முக்கியம். அது 100 டிகிரி சூட்டில் ஆயிலின் கெட்டித்தன்மை. அந்தச் சூட்டில் 50 கிரேடு, 20 கிரேடைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கெட்டி.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். இதை மட்டும் தள்ளிவிட்டுப் பார்க்காதீர்கள்.

ஓமலூர், காடையாம்பட்டி பக்கம் வெல்லம் காய்ச்சுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கொப்பரையில் பாகு கொதிக்கும்போது துடுப்பால் எடுத்து ஊற்றினால் சரசரவென்று இறங்கும். அதே பாகை அச்சில் ஊற்றி ஆறவிடுங்கள், இறுகிப்போகும். சூடு ஏறினால் இளகும், ஆறினால் கெட்டிப்படும். ஆயிலின் பிறவிக்குணமும் இதுதான். இங்கேதான் சிக்கல். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் மெல்லிசாக இருந்தால்தான் இன்ஜினின் உச்சி வரைக்கும் சட்டென்று ஏறும். ஆனால் காலையிலேயே மெல்லிசாக இருக்கும் ஆயில், இன்ஜின் சூடானதும் தண்ணீர் போல ஆகிவிடுமே? அப்போது படலம் எப்படி நிற்கும்?

இதற்கு நம் ஊரிலேயே ஒரு பதில் இருக்கிறது. ஜவ்வரிசி! சேலத்தில் ஜவ்வரிசி ஆலை தெரியாத ஆள் உண்டா? மரவள்ளிக்கிழங்கு மாவைத் தண்ணீரில் கரைத்தால் முதலில் தண்ணீராகத்தான் இருக்கும். அடுப்பில் வையுங்கள். சூடு ஏற ஏற அது கெட்டிப்படும், கஞ்சி ஆகும். பாகுக்கு நேர் எதிர்! மாவின் மணிகள் சூட்டில் நீரை உறிஞ்சி உப்பிப்போவதால் அப்படி நடக்கிறது.

இப்போது யோசியுங்கள். பாகு மாதிரி குணமுள்ள ஆயிலுக்குள், ஜவ்வரிசி மாதிரி குணமுள்ள ஒரு பொருளைக் கலந்தால்? அதைத்தான் செய்திருக்கிறார்கள். ஆயிலில் நீளமான பாலிமர் இழைகளைக் கலக்கிறார்கள். குளிரில் அவை நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கும், ஆயில் ஓடுவதைத் தடுக்காது. சூடானதும் கண்டு பிரிந்து இழை நீளும், ஒன்றோடு ஒன்று உரசி, ஆயில் அதிகமாக இளகிவிடாமல் இழுத்துப் பிடிக்கும். ஒரே கேனில் இரண்டு எண் இருப்பதற்கு இதுதான் காரணம். மல்டிகிரேடு என்பது இதைத்தான்.

ஒன்றை மட்டும் சரியாகச் சொல்லிவிடுகிறேன். கஞ்சி மாதிரி ஆயில் சூட்டில் கெட்டியாகிவிடாது. சூட்டில் அது இளகத்தான் செய்யும், அந்த இளகல் குறைவாக இருக்கும், அவ்வளவுதான். ஆறினால் இழைகள் மறுபடி சுருண்டுகொள்ளும், கஞ்சி பழையபடி மாவுத் தண்ணீர் ஆகாது. இன்னொன்று, அந்த நீள இழைகள் பல்சக்கரத்துக்கும் பேரிங்குக்கும் நடுவில் மாட்டி நாளடைவில் அறுந்துபோகும். ஆயிலுக்கு வயதாவது என்பதில் ஒரு பங்கு இந்த அறுந்த இழைகள்தான். ஆயில் மாற்றும்போது அழுக்கை மட்டும் மாற்றுவதாக நினைக்காதீர்கள், களைத்துப்போன இழைகளையும் மாற்றுகிறோம். இதைப் படித்த நாளில் அம்மாவிடம் ஜவ்வரிசிப் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தேன். உங்கள் வீட்டில் இதற்கு வேறு உவமை சொல்வார்கள் என்றால் கீழே எழுதுங்கள், ஆசையாகப் படிப்பேன்.

[காட்சி: எட்டாவது வளைவு. வலப்பக்கம் கீழே சேலம் நகரம்.]

சரி, சேலத்து வெயில். கீழே தெரிகிறதே, அந்த ஊரில் சித்திரையில் 40 டிகிரியைத் தொடும். அதற்காகக் கெட்டி ஆயில் வேண்டுமா? வேண்டாம். இன்ஜின் சூடானபின் அதன் தண்ணீரை 90 டிகிரியை ஒட்டி வைத்திருக்க தெர்மோஸ்டாட் இருக்கிறது. ஆயில் அதை ஒட்டியோ கொஞ்சம் மேலேயோ நிற்கும். வெளியே சேலத்து 40 ஆனாலும் ஏற்காட்டு 15 ஆனாலும் ஆயிலுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. இந்த இன்ஜினின் இடைவெளிகள் எல்லாம் 20 கிரேடை மனதில் வைத்துக் கடைந்தவை. அதில் 50-ஐ ஊற்றினால் காலை ஸ்டார்ட்டில் ஆயில் மேலே ஏறத் தாமதம், மைலேஜ் குறைவு. வால்வு திறந்து மூடும் நேரத்தை ஆயில் அழுத்தத்தால் மாற்றும் அமைப்பும் இதில் இருக்கிறது, அதற்கும் தொல்லை. கடைக்காரரைக் குறை சொல்ல மனமில்லை. அவர் அம்பாசடரும் பழைய ஜீப்பும் பார்த்து வளர்ந்தவர், அந்த வண்டிகளுக்கு அது சரியான ஆயில். ஆனால் மேனுவலில் இருக்கும் கிரேடைத் தாண்டி யார் என்ன சொன்னாலும் ஊற்றாதீர்கள். இதில் நான் கறாராகவே இருக்கிறேன்.

கிரேடு ஒன்று, தரம் ஒன்று. ஏபிஐ என்பது அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட், ஆயிலுக்குத் தரம் வகுக்கும் அமைப்பு. கேனில் ஏபிஐ எஸ்பி என்று இருந்தால் இப்போதைய பெட்ரோல் கார்களுக்குப் போதும். 2020-ல் வந்த தரம் அது. டர்போ பெட்ரோல் இன்ஜின்களில், வேகம் குறைவாகவும் பாரம் அதிகமாகவும் இருக்கும்போது பெட்ரோல் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொள்ளும் ஒரு வியாதி உண்டு. ஆயிலில் கால்சியம் அதிகமாக இருந்தால் அது கூடுகிறது என்று கண்டுபிடித்து, கால்சியத்தைக் குறைத்து மெக்னீசியத்தைச் சேர்க்கத் தொடங்கினார்கள். மெக்னீசியம் என்றதும் நமக்கு எது ஞாபகம் வரும்? சேலத்துச் சுண்ணாம்புக்கரடு, மேக்னசைட் சுரங்கம்! அந்த ஆயிலுக்கு இங்கிருந்துதான் போகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேனைப் பார்க்கும்போதெல்லாம் நம் ஊர் கரடுதான் எனக்குக் கண்ணில் வருகிறது.

அந்த வியாதிக்கும் இந்த மலைப்பாதைக்கும் சம்பந்தம் உண்டு. வளைவில் மூன்றாவது கியரிலேயே இன்ஜின் முக்க முக்க ஏற்றாதீர்கள். இரண்டுக்கு வாருங்கள், தேவைப்பட்டால் ஒன்றுக்கு. ஆயில் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் முக்குகிற இன்ஜினைக் காப்பாற்றுவது கஷ்டம்.

[காட்சி: பதினான்காவது வளைவு. பனி இறங்குகிறது.]

இப்போது முக்கியமான கேள்வி. முதல் ஆயிலை எப்போது மாற்றுவது?

ஆயிரத்தில் மாற்று என்ற பேச்சு காரணமில்லாமல் வந்ததில்லை. அந்தக் காலத்து இன்ஜினில் சிலிண்டர் சுவர் சொரசொரப்பாக இருக்கும். புதிதில் பிஸ்டன் ரிங்கும் சுவரும் தேய்ந்து தேய்ந்து பொருந்தும்போது இரும்புத்தூள் நிறைய வரும். பின் கண்ணாடியில் 'ரன்னிங் இன்' என்று எழுதி ஒட்டிக்கொண்டு மெதுவாகப் போன கார்களைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். இன்றைக்கும் புது இன்ஜினில் முதல் சில ஆயிரம் கிலோமீட்டரில்தான் தேய்மானத் தூள் அதிகம். ஆனால் கடைசல் நுணுக்கமாகிவிட்டது, தூளின் அளவு குறைந்துவிட்டது, தலைமுடியைவிட மெல்லிய துகளையும் ஃபில்டர் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் பல கம்பெனிகளின் 1000 கிலோமீட்டர் இலவச சர்வீஸில் ஆயில் மாற்றமே கிடையாது, சோதித்துப் பார்ப்பதோடு சரி. முதல் ஆயிலை அவசரப்பட்டு மாற்றாதீர்கள் என்று மேனுவலிலேயே எழுதும் கம்பெனிகளும் உண்டு.

பைக்குக்கு முதல் சர்வீஸிலேயே மாற்றுகிறார்களே என்று கேட்பீர்கள். பெரும்பாலான பைக்கில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். கியர் பல்லின் தூளும் அதிலேயே விழும். காரில் கியர் பெட்டிக்குத் தனி ஆயில். பைக் கணக்கைக் காருக்குப் போடக்கூடாது. கார் ஆயிலைப் பைக்கில் ஊற்றவும் கூடாது, கிளட்ச் வழுக்கும்.

அப்படியென்றால் மேனுவல் சொல்லும் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அதுவா? சமவெளியில், நீளமான ஓட்டத்தில் ஓடும் காருக்கு அது போதும். ஆனால் அதே மேனுவலில் பின்னால் ஒரு பக்கம் இருக்கும், யாரும் திருப்பாத பக்கம். கடினமான உபயோகம் என்று தலைப்பு. மலைப்பாதை, புழுதி, அடிக்கடி சின்னச்சின்ன ஓட்டம், நெரிசலில் நின்று நின்று போவது. இதில் ஏதாவது உங்கள் வாழ்க்கை என்றால் இடைவெளியைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள், பல மேனுவல்களில் பாதியாக. சித்தப்பா வீடு கன்னங்குறிச்சி, வேலை ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் கணக்குப் பார்ப்பது. வாரம் மூன்று முறை இந்த மலை ஏறி இறங்குகிறார். சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1500. ஒவ்வொரு தடவையும் 1200 மீட்டருக்கு மேல் இன்ஜின் அவரையும் காரையும் தூக்குகிறது, அதுவும் முகத்தில் காற்று அடிக்காத வேகத்தில். அவருடைய காருக்கு 10,000 என்பது அதிகம். என் கணக்கு 5000.

ஏற்காட்டிலேயே குடியிருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பள்ளிக்கூடம், கடை என்று இரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே ஓடும் கார் உங்களுடையது என்றால் ஆயில் முழுசாகச் சூடாவதே இல்லை. உள்ளே சேரும் ஈரம் ஆவியாகிப் போகாது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள், மோர் மாதிரி வெள்ளைப் பூச்சு இருந்தால் அந்த ஈரம்தான். வாரம் ஒருமுறை சேலம் வரைக்கும் ஓட்டிவிட்டு வாருங்கள். அப்படி ஓட்டியும் பூச்சு போகவில்லை, கூலன்ட்டும், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரும் குறைகிறது என்றால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டிய விஷயம்.

பிஎஸ்6 டீசல் வைத்திருப்பவர்கள் சாம்பல் குறைவான ஆயில்தான் வாங்க வேண்டும், இல்லையென்றால் புகைபோக்கியில் உள்ள ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். எந்தத் தரம் என்று மேனுவலில் இருக்கிறது. புது காருக்கு இன்ஜின் ஃப்ளஷ், அதாவது உள்ளே சேர்ந்த அழுக்கைக் கரைத்து எடுக்க ஊற்றும் திரவம், வேண்டாம். என் பழைய காரில் முதல் சர்வீஸிலேயே, என்னைக் கேட்காமல் அதைப் போட்டு பில்லில் ஏற்றியிருந்தார்கள். வேலை தொடங்கும் முன் என்னென்ன செய்யப் போகிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். வெளியில் ஆயில் வாங்கினால் சீலைப் பாருங்கள், பில்லை வாரன்டி முடியும்வரை பத்திரமாக வையுங்கள், காலி கேனை ஓட்டை போட்டுவிட்டு எறியுங்கள். அதில் போலி ஆயிலை நிரப்பி விற்க ஆள் இருக்கிறது.

[காட்சி: இருபதாவது வளைவு. பிறகு ஏரிக்கரை, கார் நிறுத்துமிடம்.]

வந்துவிட்டோம். உடனே டிப்ஸ்டிக்கை எடுக்கக் கூடாது. சரிவில் நிறுத்தினால் அளவு தப்பாகக் காட்டும், அதனால் ஏற்காட்டில் வீட்டு வாசலில் வைத்துப் பார்ப்பவர்கள் முதலில் சமதரையைத் தேடுங்கள். இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விட்டால் மேலே இருக்கும் ஆயில் எல்லாம் கீழே இறங்கும். அதற்குள் ஒரு காபி குடித்துவிட்டோம்.

[காட்சி: பானெட் திறக்கிறது. டிப்ஸ்டிக், வெள்ளைத் துணி.]

உருவி, துடைத்து, திரும்பச் செருகி, மறுபடி உருவுகிறேன். இதோ, மேல் கோட்டுக்கு ஒட்டிக் கீழே. 1012 கிலோமீட்டரில் குறையவே இல்லை என்று சொல்லலாம். துணியில் நிறத்தைப் பாருங்கள், தேன் நிறம். டிகாஷன் நிறத்துக்கு வந்திருந்தாலும் நான் பயப்பட மாட்டேன், அழுக்கைச் சுமக்கிற ஆயில் கறுக்கத்தான் செய்யும். முகர்ந்து பார்க்கிறேன், பெட்ரோல் வாடை இல்லை.

"அப்ப இப்ப மாத்த வேண்டாமா கண்ணு?"

"வேண்டாம் சித்தப்பா. 5000-ல மாத்திக்கலாம். அதே 0டபிள்யூ-20."

"அந்த கேன்?"

"சீல் உடைக்கலையே, திருப்பிக் கொடுத்துடலாம். இறங்கும்போது நான் ஓட்டறேன், இரண்டாவது கியர்லயே."

[காட்சி: பானெட் மூடுகிறது.]