ஸ்டென்ட் வைத்த பிறகும் மாத்திரை ஏன்?

நேயர்களுக்கு வணக்கம்.

இதய ரத்தக் குழாயில் அடைப்பு என்றதும் வீட்டில் இருப்பவர்கள் கேட்பது, "ஸ்டென்ட் வைத்துவிட்டால் அடைப்பு போய்விடும்தானே டாக்டர்?" என்பதுதான். போகாது. ஸ்டென்ட் என்பது குழாயை விரித்துப் பிடிக்கும் சிறிய உலோக வலைக்குழாய். அடைப்பு அங்கேயேதான் இருக்கும், ரத்தம் ஓட வழி மட்டும் கிடைக்கும். இது புரியாமல் மாத்திரையை நிறுத்தி, மறுபடி மாரடைப்போடு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் வேதனைப்படுகிறது. அதனால் உள்ளே நடப்பதையே சொல்கிறேன்.

சிகிச்சையின்போது நோயாளி பெரும்பாலும் விழித்தே இருப்பார். மணிக்கட்டில் மரத்துப்போக ஊசி போட்டு, நாடி பார்க்கும் அந்த ரத்தக் குழாய்க்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விடுவோம். முன்பெல்லாம் தொடை வழியாகத்தான் அதிகம் செய்தார்கள். கை வழியாகச் செய்தால் ரத்தக் கசிவு குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். கதீட்டர் இதயத்தின் ரத்தக் குழாய் தொடங்கும் வாயை அடைந்ததும், சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்த்தால் எங்கே குறுகியிருக்கிறது என்று தெரியும். இதுவரைக்கும் ஆஞ்சியோகிராம்.

அப்புறம்தான் ஆஞ்சியோபிளாஸ்டி. சுமார் 0.36 மில்லிமீட்டர் தடிமன் உள்ள கம்பி ஒன்று குறுகிய இடத்தைத் தாண்டி மறுபக்கம் போக வேண்டும். அதிகப் பொறுமை தேவைப்படுவது இங்கேதான். தாண்டிவிட்டால் அந்தக் கம்பியே தண்டவாளம், அதன் மேல் பலூன் போகும். அதைக் காற்றால் ஊதுவதில்லை. சாயம் கலந்த உப்புநீரைக் கைப் பம்பால் அழுத்தத்தோடு செலுத்துகிறோம். பலூன் விரிந்திருக்கும் அந்தச் சில நொடிகள் ரத்தம் நிற்பதால் நெஞ்சு வலிக்கலாம். பயப்பட வேண்டாம், ஆனால் வலித்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

கொழுப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்தத் திட்டு கரைவதில்லை, அதை வெளியே எடுப்பதும் இல்லை. விரிசல் விட்டுச் சுவரோடு நசுங்குகிறது, குழாயும் சற்று விரிகிறது.

இந்தப் பலூன் சிகிச்சையை மனித இதயத்தில் முதலில் செய்தவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக். 1977 செப்டம்பர் 16, சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரம், நோயாளிக்கு வயது 38. பலூன்களைத் தன் வீட்டுச் சமையலறை மேசையில் செய்து பார்த்தவர் அவர். ஆனால் பலூன் மட்டும் வைத்த காலத்தில், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சில மாதங்களிலேயே குழாய் மறுபடி சுருங்கியது. அதற்காகத்தான் 1986இல் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் ஸ்டென்ட் வலைக்குழாயை உள்ளே நிறுத்தினார்கள். வலைக்குள்ளும் திசு வளர்ந்து அடைத்தது. அந்த வளர்ச்சியைத் தடுக்க, மருந்து பூசிய ஸ்டென்ட் 2002 வாக்கில் வந்தது.

மாத்திரையின் கதை இங்கேதான் தொடங்குகிறது. ரத்தம் உலோகத்தைத் தொட்டால் உறையப் பார்க்கும். குழாயின் உள்தோல் வளர்ந்து ஸ்டென்டின் கம்பிகளை மூடும்வரை அந்த ஆபத்து உண்டு. பூசிய மருந்து அந்த மூடலையும் தாமதப்படுத்துகிறது. அதனால்தான் ஆஸ்பிரினோடு குளோபிடோகிரெல் போன்ற இன்னொரு மாத்திரையும் சேர்த்துத் தருகிறோம். மாரடைப்பு வந்தவர்களுக்குப் பொதுவாக 12 மாதம், மற்றவர்களுக்குப் பொதுவாக 6 மாதம். ஆஸ்பிரின் அதற்குப் பிறகும் தொடரும்.

சரி, கூடவே தரும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை எதற்கு? ஸ்டென்ட் காப்பது ஓர் இடத்தை. நோய் எல்லாக் குழாய்களிலும் இருக்கிறது. மாரடைப்பு நேரத்தில் அடைப்பைத் திறப்பது உயிரைக் காக்கும், அதில் ஒரு நிமிடத்தையும் வீணாக்கக் கூடாது. ஆனால் நடந்தால் மட்டும் வலிக்கும் நிலையான நெஞ்சுவலி வேறு. 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வு, 5,000க்கும் மேற்பட்ட அப்படிப்பட்ட நோயாளிகளைக் கவனித்தது. நல்ல மருந்துகளோடு ஸ்டென்டோ பைபாஸோ முன்கூட்டியே சேர்த்தபோது வலி குறைந்தது. இறப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. இடது முதன்மைக் குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது.

கடைசியாக ஒன்று. பல் பிடுங்கவோ வேறு அறுவை சிகிச்சைக்கோ போகும்போது, "ரத்தம் நிற்காது, மாத்திரையை நிறுத்துங்கள்" என்று யாராவது சொன்னால், உங்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்த தேதி எழுதிய சீட்டை எப்போதும் கையோடு வைத்திருங்கள். வணக்கம்.