பெயரை அடிக்கப் பேனா எடுத்தவர்கள்

நடுவர் அவர்களே, வணக்கம். ஆள்பவரே விதி எழுதிய தேர்தலில் நிற்பது விவேகமா, விலைபோவதா என்பது இன்றைய தலைப்பு. விவேகம்தான் என்பது எங்கள் அணி.

எதிரணி நண்பர் போலந்தை இழுத்தார். 1989 ஜூன் 4. "கீழவையின் 460 இடத்தில் 299 கம்யூனிஸ்ட் கட்சிக்கும் துணை அமைப்புகளுக்கும் என்று முன்பே பங்கு போட்டுவிட்டார்கள். மிச்சம் 161-க்கு ஓடுவது ஒரு பந்தயமா?" என்றார். கைதட்டலும் வாங்கினார். நானும் தட்டினேன், கணக்கு சரிதானே! ஆனால் பாதிக் கணக்கில் எழுந்து போய்விட்டார்.

அந்த 161-ஐயும் கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்த தொழிற்சங்க இயக்கமான சாலிடாரிட்டி அள்ளியது. தடையில்லாத போட்டி நடந்த மேலவையில் 100-க்கு 99. அதை விடுங்கள், எனக்குப் பிடித்தது வேறு. பிரதமர் ரகோவ்ஸ்கி உட்பட 35 பெரிய தலைகளுக்குத் தனிப் பட்டியல் போட்டார்கள். எதிர்த்து நிற்க ஆளே கிடையாது, பாதிக்கு மேல் வாக்கு வாங்கினால் போதும். அங்கே அன்று வேண்டியவருக்கு முத்திரை குத்துவதில்லை, வேண்டாதவர் பெயரைப் பேனாவால் அடிப்பார்கள். அடித்தார்கள் பாருங்கள், 33 பேர் அவுட்! தனியாக ஓடியவன் இரண்டாவதாக வந்தான் என்று நாம் கேலிக்குச் சொல்வோம். அங்கே நிஜமாகவே வந்தான்.

சரி, நண்பர் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அந்த 33 இடத்தை நிரப்ப நடுவழியில் விதியை மாற்றினார்கள், சாலிடாரிட்டியும் சம்மதித்தது. இரண்டாம் சுற்றுக்குக் கால்வாசி வாக்காளர்தான் வந்தார்கள். ஜூலையில் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் ஜெனரல் யருசெல்ஸ்கியே அதிபரானார். கசப்புதான், மறுக்கவில்லை.

ஆனால் அந்த 299 என்ன ஒரே பாறையா? அதில் 76 விவசாயிகள் கட்சி, 27 ஜனநாயகக் கட்சி. நாற்பது வருஷம் தலையாட்டிய கூட்டாளிகள். மக்கள் எந்தப் பக்கம் என்று பெட்டி திறந்து காட்டியதும் அந்தத் தலைகள் திரும்பின. 161-உடன் 103-ஐக் கூட்டுங்கள் ஐயா, 264. பெரும்பான்மைக்கு 231 போதுமே! புறக்கணித்து வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்தக் கூட்டல் எங்கிருந்து வரும்?

ஆகஸ்ட் 24-ல் சாலிடாரிட்டியின் மசோவியெட்ஸ்கி பிரதமரானார். 1981-ல் இராணுவச் சட்டத்தின்போது அடைத்துவைக்கப்பட்டவர் அவர். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் யருசெல்ஸ்கி. பிரதமர் பதவிக்கு மசோவியெட்ஸ்கி பெயரை அவையில் முன்மொழிந்தவர் யார் தெரியுமா? அதே யருசெல்ஸ்கி!