பெயின்ட் ஃபேக்டரில ஆரம்பிச்சு கிட்னி வரைக்கும்: கார்னகி மெலன் ஆராய்ச்சி

வணக்கம் மக்களே! இன்னைக்கு ஒரு யுனிவர்சிட்டியோட ஆராய்ச்சியப் பத்திப் பேசப் போறேன். அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல இருக்கிற கார்னகி மெலன். வெளிநாட்டுக்கு அப்ளை பண்ற பசங்க எல்லாருக்கும் தெரிஞ்ச பேருதான். ஆனா ரேங்க் எத்தனை, வருஷத்துக்கு எத்தனை பேப்பர், எத்தனை சைட்டேஷன் (அதாவது அந்த பேப்பர மத்தவங்க எத்தனை தடவை மேற்கோள் காட்டினாங்க), அதோட பேச்சு முடிஞ்சிடுது. எனக்கு அது பத்தல. ஒரு பேப்பர் எந்தக் கேள்வியில இருந்து பொறந்துச்சுன்னு பாக்கணும். அப்படிப் பாத்தா, இந்த யுனிவர்சிட்டில எகனாமிக்ஸ், இன்ஜினியரிங், கம்ப்யூட்டர்னு தனித்தனியா கூறு போடவே முடியாது.

1949ல அங்க ஒரு பிசினஸ் ஸ்கூல் ஆரம்பிக்கறாங்க. சின்ன ஸ்கூல்தான். 50கள்ல பிட்ஸ்பர்க் பிளேட் கிளாஸ் கம்பெனியோட பெயின்ட் ஃபேக்டரி ஒண்ணு இவங்களுக்குப் பாடமா வந்து அமையுது. பெயின்ட்டுக்கு ஆர்டர் ஒரு மாசம் ஏறும், ஒரு மாசம் இறங்கும். அதிகமா தயாரிச்சா குடோன்ல தேங்கும். கம்மியா தயாரிச்சா ஆர்டர் கைய விட்டுப் போயிடும். ஆள் எடுத்தாலும் செலவு, ஆள நிறுத்தினாலும் செலவு, ஓவர்டைம் கொடுத்தாலும் செலவு. அடுத்த மாசம் எவ்வளவு தயாரிக்கணும், எத்தனை பேர வெச்சுக்கணும்? இதான் கேள்வி.

நாலு பேர் உக்காந்தாங்க. சார்ல்ஸ் ஹோல்ட், ஃபிராங்கோ மோடிக்லியானி, ஜான் மூத், ஹெர்பர்ட் சைமன். எல்லாச் செலவையும் வர்க்கக் கணக்கா, அதாவது ஸ்கொயர் போட்டு எழுதினாங்க. அப்படி எழுதினா விடை ரொம்ப எளிமையாயிடுது: இப்ப இருக்கிற சரக்கு, இப்ப இருக்கிற ஆளுங்க, வரப்போற மாசங்களோட உத்தேச ஆர்டர், இது ஒவ்வொண்ணையும் ஒரு நிலையான எண்ணால பெருக்கிக் கூட்டினா போதும். கையாலயே போட்டுடலாம். 1960ல இதப் புத்தகமாவே போட்டாங்க.

இங்கதான் எனக்கு ரொம்பப் புடிச்ச இடம் வருது. இதே குழுவுல இருந்து ரெண்டு நேரெதிர் சிந்தனை கிளம்புச்சு. சைமன் என்ன சொன்னார்னா, மனுஷன் எல்லா வழியையும் அலசிப் பாத்து ஆகச் சிறந்ததத் தேர்ந்தெடுக்கறதில்ல. நேரம் பத்தாது, தகவல் பத்தாது. அதனால "இது போதும்"னு தோணுற வழி கெடச்சதும் அங்கயே நின்னுடறான். மூத் இதுக்கு எதிர்ப்பக்கம் போனார். ஜனங்களோட எதிர்பார்ப்ப மொத்தமா எடுத்துப் பாத்தா, நல்ல பொருளாதார மாடல் என்ன கணிக்குமோ கிட்டத்தட்ட அதுவேதான்னு 1961ல எழுதினார். பாருங்க, சேந்து ஒரே ஃபேக்டரிக் கணக்கப் போட்டவங்க ரெண்டு பேரும்!

மூத்தோட அந்த பேப்பர பத்து வருஷம்போல யாரும் பெருசா கண்டுக்கல. அப்புறம் அங்கயே வேலை பாத்த ராபர்ட் லூகாஸ் 70கள்ல அதக் கையில எடுத்தார், நாட்டோட மொத்தப் பொருளாதாரத்தப் பாக்கற மேக்ரோ எகனாமிக்ஸோட போக்கே மாறிடுச்சு. சைமனுக்கு 1978ல நோபல், மோடிக்லியானிக்கு 1985ல, லூகாஸுக்கு 1995ல. மூத்துக்குக் கடைசி வரைக்கும் கெடைக்கல. எனக்கு அது மனசு ஆறல. அஞ்சு வருஷ சைட்டேஷன வெச்சு 1966ல தரம் பிரிச்சிருந்தா அந்த பேப்பர் எங்க கெடந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

சைமன் அதோட நிக்கல. மனுஷன் எப்படித் தேடித் தேடி முடிவெடுக்கறான்ங்கற அதே கேள்விய மெஷின் பக்கம் திருப்பினார். ஆலன் நியூவெல், கிளிஃப் ஷா ரெண்டு பேரோட சேந்து 1956 வாக்குல லாஜிக் தியரிஸ்ட்னு ஒரு புரோகிராம். தர்க்கத் தேற்றங்கள் 52 கொடுத்தாங்க, 38க்கு அதுவே நிரூபணம் கண்டுபிடிச்சுது. 1975ல நியூவெலுக்கும் சைமனுக்கும் டூரிங் விருது, கம்ப்யூட்டர் துறையோட பெரிய விருது அது. டூரிங் விருதும் பொருளாதார நோபலும் ரெண்டுமே வாங்கினவர் சைமன் ஒருத்தர்தான்.

இன்ஜினியரிங் பக்கம் வாங்க. நம்ம கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல 1958ல சிவில் முடிச்சவர் ராஜ் ரெட்டி. 1969ல கார்னகி மெலன்ல சேந்து, பேச்ச கம்ப்யூட்டருக்குப் புரிய வைக்கற வேலையில எறங்கினார். 1979ல ரோபாட்டிக்ஸ் இன்ஸ்டிடியூட் ஆரம்பிச்சப்ப முதல் டைரக்டர் அவர்தான். 1994ல டூரிங் விருது. அதே 1979ல அமெரிக்காவுல திரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து நடந்துச்சு. உலைக் கட்டடத்தோட அடித்தளம் பூரா கதிர்வீச்சுத் தண்ணி, மனுஷன் எறங்க முடியாது. கார்னகி மெலன்லயே ரெட் விட்டாக்கர்னு இன்னொரு சிவில் இன்ஜினியரிங் ஆளு, அவரோட டீம் அங்க எறக்கறதுக்கு ரோபோ செஞ்சு கொடுத்துச்சு.

இப்ப கிட்னி. புருஷனுக்கு கிட்னி வேணும், பொண்டாட்டி கொடுக்க ரெடி, ஆனா ரத்த குரூப் சேரல. இன்னொரு ஊர்லயும் இதே மாதிரி ஒரு ஜோடி. இவங்க அங்க கொடுத்து, அவங்க இங்க கொடுத்தா ரெண்டு உயிர் பொழைக்கும். மூணு ஜோடி சுத்தி வந்தும் மாத்திக்கலாம்: முதல் ஜோடி ரெண்டாவதுக்கு, ரெண்டாவது மூணாவதுக்கு, மூணாவது முதல் ஜோடிக்கு. ஆனா மூணு ஜோடின்னா ஆறு ஆபரேஷன், ஆறும் ஒரே நேரத்துல நடக்கணும். ஏன்னா தன் வீட்டு ஆளுக்குக் கிட்னி கெடச்சப்புறம் ஒருத்தர் "நான் கொடுக்கல"ன்னு பின்வாங்கினா, அவர யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அதனாலதான் சுத்து சின்னதா இருக்கணும்.

இப்படி கிட்னி மாத்திக்கற ஏற்பாட்ட, ஒரு சந்தை மாதிரி, எப்படி அமைக்கணும்னு ஆல்வின் ராத் மாதிரி பொருளாதார அறிஞர்கள் ஏற்கனவே எழுதியிருந்தாங்க. சிக்கல் கணக்குலதான். ரெண்டு ஜோடி மாத்தறது மட்டும்னா சுலபமா போட்டுடலாம். மூணு வரைக்கும் போகலாம்னு சொன்ன உடனே, ஜோடிங்க பெருகப் பெருக எத்தனை விதமா சுத்தலாம்ங்கற எண்ணிக்கை கம்ப்யூட்டர் மெமரிலயே அடங்காது. 2007ல டேவிட் ஆப்ரஹாம், அவ்ரிம் ப்ளம், டூமாஸ் சாண்ட்ஹோம், மூணு பேரும் கார்னகி மெலன்தான், ஒரு வழி கண்டாங்க. எல்லாச் சுத்தையும் எழுதி வெக்காத. கொஞ்சத்த வெச்சு ஆரம்பி, விடைய மேம்படுத்தற சுத்து எதுவோ அத மட்டும் அப்பப்ப உள்ள கொண்டா. 10,000 ஜோடி வரைக்கும் அவங்களால தீர்க்க முடிஞ்சுது. 2010ல அமெரிக்காவோட உறுப்பு தான அமைப்பு யூனாஸ் (UNOS) தொடங்கின கிட்னி மாத்திக்கற திட்டத்துல இந்த வேலைதான் உள்ள ஓடுச்சு. இது எகனாமிக்ஸ் பேப்பரா, கம்ப்யூட்டர் பேப்பரா? எந்தத் துறை கணக்குல சேப்பீங்க?

அந்த 2007 பேப்பர சாண்ட்ஹோம் தன்னோட யுனிவர்சிட்டி பக்கத்துலயே போட்டிருக்கார். முதல் ரெண்டு பக்கத்துல பெருசா கணக்கு வராது, தைரியமா படிங்க. எங்க புரியலையோ அத எழுதி அனுப்புங்க, அடுத்த வீடியோல போர்டுல போட்டே காட்டறேன்.