நின்ற லாரியும் ஓடும் காரும்

நேயர்களுக்கு வணக்கம். ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்களே, மோட்டார் வாகன ஆய்வாளர், அந்த வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். முன்னால் போகும் வண்டியில் பின்னால் போய் இடிக்கிற விபத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

இடித்தவர் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "சடன் பிரேக் போட்டுட்டான் சார்." போடத்தான் செய்வான். குறுக்கே மாடு வந்தால் வேறென்ன செய்வான்? 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போகவே ஒரு நொடிக்கு மேல் ஆகும். அதற்குப் பிறகுதான் வேகமே குறையும். இடைவெளி விட்டால் பைக்காரர் புகுந்துவிடுகிறார் என்பீர்கள். புகட்டும். ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுங்கள், இடைவெளி திரும்பக் கிடைத்துவிடும்.

சரி, எனக்கு ஆறாத விஷயத்துக்கு வருகிறேன். நிற்கிற லாரி. விக்கிரவாண்டி தாண்டி உளுந்தூர்பேட்டைப் பக்கம் விடியற்காலை போய்ப் பாருங்கள். டீக்கடையைக் கண்டதும் லாரியை ஓரங்கட்டியிருப்பார்கள். ஓரம் என்றால் பாதி உடம்பு சாலையில். பின்விளக்கு எரியாது. எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்கு, வரும்போது பளபளத்த ஒளிரும் பட்டையில் இப்போது சேறு அப்பியிருக்கும். பிரேக் டவுன் என்றால் நாலு கல், ஒரு வேப்பங்கொத்து, அதுதான் எச்சரிக்கை. வண்டி சரியானதும் லாரி போய்விடும், கல் அங்கேயே கிடக்கும்! கார்க்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வண்டியோடு கொடுத்த சிவப்பு முக்கோணம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் டிக்கியில் தூங்கும்.

டிம் லைட் வெளிச்சம் நாற்பது, ஐம்பது மீட்டர் வரைதான் உதவும். 80-இல் போகிற காரை நிறுத்தக் காய்ந்த சாலையிலேயே அதற்கு மேல் வேண்டும். லாரி கண்ணில் படும்போதே காலம் கடந்துவிட்டது. அதிலும் லாரியின் அடிப்பலகை உயரத்தில் இருக்கிறது. காரின் முன்பாகம் அதன் அடியில் நுழைந்துவிடும். பம்பர் வாங்க வேண்டிய அடியைக் கண்ணாடியும் தலையும் வாங்கும். ஏர்பேக் இருக்கிறதே என்ற தைரியம் அங்கே செல்லாது. லாரிக்குப் பின்னால் தாழ்வாக ஒரு குறுக்குக் கம்பி வைப்பது இதைத் தடுக்கத்தான். அது வளைந்தோ துருப்பிடித்தோ தொங்கினால், லாரி உரிமையாளர்களே, மாற்றிவிடுங்கள். பட்டையைத் துடைக்க ஒரு ஈரத்துணி போதும். மறுபடியும் சொல்கிறேன், ஈரத்துணி.

நேரமாகிவிட்டதென்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். மழை, டயர் எல்லாம் வைத்திருந்தேன், போகட்டும். ஒன்றே ஒன்று. பின்னாலிருந்து இடி வாங்கினால் தலை சட்டென்று பின்னால் போகும், கழுத்து வலி மறுநாள்கூடத் தெரியவரும். சீட்டின் தலைசாய்ப்பை உங்கள் காதுக்கு மேல் வரும்படி உயர்த்தி வையுங்கள். பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போடுங்கள். வணக்கம்.